வட்டத்தின் மேல் ஒரு பொட்டு

"குருவம்மா, என் பலகையக் கெடுத்துக் குட்டிச்சுவரா ஆக்கிட்டானுவ!"

தளவாய் அண்ணாச்சி படியேறி வந்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது. இன்னொன்று காலோடு உள்ளே வந்துவிட்டது.

கோமதி நிமிரவில்லை. முன்னால் முறம், முறத்தில் சின்ன வெங்காயம், பக்கத்தில் வெங்காயத் தோலைப் பறக்கவிட்டு விளையாடும் அவள் கைக்குழந்தை.

"எந்தப் பலகை அண்ணாச்சி? கடைப் பலகையா?"

"இது என்ன கேள்வி? நம்ம பலகை! இரண்டாம் பாகம் வந்திருச்சு. காலையில இருந்து ஆடுதேன். குப்பை. சுத்தக் குப்பை."

"ஒத்தச் செருப்போட நிக்கிய. மொதல்ல அதக் கழட்டுங்க."

அண்ணாச்சி கழற்றினார்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு எதிர் மாடியில் கோமதி கேம் சென்டர் நடத்துகிறாள். தளவாய் அண்ணாச்சிக்கு அடுத்த தெருவில் பாத்திரக் கடை. வயசில் அவர்தான் மூத்தவர், மீசையும் அவருக்குத்தான். ஆனால் குரு அவள்.

அது பல வருஷத்துக்கு முந்தி நடந்த கதை. குக்கர் மூடி கொடுக்க வந்தவர், ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தார். சக்கரம் வைத்த பலகையில் ஒருவன் நின்றுகொண்டு, படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கி, சுவர் தாண்டி, திண்டு தாண்டிப் பறக்கிற விளையாட்டு. அட்டையில் போட்டிருந்த இங்கிலீஷ் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது. எல்லோருக்கும் அது 'பலகை'தான். அன்றைக்கு அண்ணாச்சி விழுந்தார், விழுந்தார், விழுந்துகொண்டே இருந்தார். கோமதி பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு பாடம் சொன்னாள்.

"தரையத் தொடுறதுக்கு முந்தி வட்டம்."

கன்ட்ரோலரில் வட்டம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். முதல் பாகத்தில் மூலையில் கடிகாரம் ஓடும். விழுந்து கிடந்தால் நேரம் போய்விடும். அதனால் விழப்போகிறான் என்று தெரிந்ததுமே, உடம்பு தரையில் படுவதற்கு முன்னால், வட்டத்தை அமுக்கிவிட வேண்டும்.

அந்தப் பாடம் சென்டரின் சட்டமாகவே ஆகிவிட்டது. யார் விழுந்தாலும் சுற்றி நிற்பவர்கள் "வட்டம்!" என்று கத்துவார்கள். ஒருநாள் அண்ணாச்சி கடையில் டம்ளர் அடுக்கு சரிந்தபோது, பிடிக்கக் கை போகவில்லை. வாய் "வட்டம்!" என்றது, கட்டைவிரல் துடித்தது. வாங்க வந்த அம்மாள் பயந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் சீடர். முதல் பாகத்தில் அந்த வட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை. போனில் ஒரு சேனலும் தொடங்கினார். புது கேம் எது வந்தாலும் ஆடிப் பார்த்து, மீசையை ஒரு தடவு தடவி, பத்துக்கு இத்தனை மார்க் என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு லைவ் வாரேன்னு சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி. "மதுரையில இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் காத்துக் கிடக்கான். பத்துக்கு ரெண்டுன்னு சொல்லப் போறேன்."

கோமதியின் கை ஒரு வெங்காயத்தில் நின்றது.

"சனிக்கிழமைக் கூட்டம்?"

அண்ணாச்சி கழற்றிய செருப்பை வாசலில் கொண்டுபோய் ஜோடி சேர்த்தார்.

சனிக்கிழமைக் கூட்டம் என்பது பலகைக்காகவே சேர்ந்த கூட்டம். ஒரு காலத்தில் படிக்கட்டு வரை ஆள் நிற்கும். பழைய ஆட்டமே எத்தனை நாளைக்கு? ஒவ்வொருவராகக் கழன்று, இப்போது ஆட்டோ ஓட்டும் பீர்முகம்மதும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் மிச்சம். இரண்டாம் பாகம் வந்தால் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று சொல்லிச் சொல்லி அந்த மிச்சத்தைப் பிடித்து வைத்திருந்ததே அண்ணாச்சிதான்.

அவர் வாயால் குப்பை என்றால் அத்தோடு முடிந்தது.

"பொய் சொல்லச் சொல்லுதியளா?" என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே. டிஸ்க் இருக்கா?"

சட்டைக்குள் கைவிட்டு எடுத்தார். குப்பை என்று சொன்ன பொருளை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார்.

"போடுங்க. நான் இன்னும் பாக்கல."

பெரிய டிவியில் ஆட்டம் திறந்தது.

கடலோரத்து மலை ஊர். காலை வெயில். கல் பாவிய தெரு, ஓட்டு வீடுகள், ஒரு நீரூற்று, அதன் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் நீளப் படிக்கட்டு. படிக்கட்டின் உச்சியில் மஞ்சள் சட்டை போட்டு, மீசை வைத்து, பலகை மேல் ஒருவன் நின்றான். அண்ணாச்சி தன் சாயலில் செய்து வைத்த ஆள். முதல் பாகத்திலிருந்தே சென்டரில் அவனுக்குப் பேர் சின்ன அண்ணாச்சி.

"ஆத்தாடி!" என்றாள் கோமதி. "வெயில் சட்டையில விழுது பாருங்களேன்!"

"படம் நல்லாத்தான் இருக்கு. அத வச்சு என்ன செய்ய?"

"சத்தம்?"

"சத்தமும் நல்லாருக்கு" என்றார் மனசில்லாமல். "கல்லுல போனா ஒரு சத்தம், சிமெண்டுல போனா ஒரு சத்தம். கண்ண மூடிக்கிட்டே எங்க போறோம்னு சொல்லிரலாம். ஆனா கால் நிக்க மாட்டேங்குது. முதல் பாகத்துல பசை போட்ட மாதிரி ஒட்டும். இதுல உடம்புக்கு ஒரு கனம் வந்திருக்கு. அந்தப் பக்கம் இழுக்குது, இந்தப் பக்கம் இழுக்குது. இந்தக் கைப்பிடியப் பாருங்க."

சின்ன அண்ணாச்சி படிக்கட்டுக் கைப்பிடியில் எகிறி ஏறினான். பாதி தூரம் சறுக்கினான். சரிந்தான்.

"வட்டம்!" என்றான் பீர்முகம்மது, படியேறி உள்ளே வந்துகொண்டே. யார் ஆடுகிறார்கள், என்ன ஆட்டம் என்று அவன் இன்னும் பார்க்கக்கூட இல்லை.

அண்ணாச்சியின் கட்டைவிரல் அதற்கு முன்பே அமுக்கிவிட்டிருந்தது. சின்ன அண்ணாச்சி மறுபடி உச்சியில் நின்றான்.

ஏறினான். சறுக்கினான். சரிந்தான். வட்டம். உச்சி.

ஏறினான். சரிந்தான். வட்டம். உச்சி.

"அண்ணாச்சி, கடையில அண்டா உருள்ற மாதிரியே இருக்கு" என்றான் பீர்முகம்மது. "மூடி போட்டு விக்கலாமே."

"சும்மா கிடலே!"

"கீழ ஊரு இருக்கே" என்றாள் கோமதி. "அங்க போனியளா?"

"இதத் தாண்டாம எப்படிப் போறது? காலையில இருந்து இந்தப் படிக்கட்டுலதான் நிக்கேன். ஊர் ஊர்னு அவ்வளவு விளம்பரம் போட்டான். எங்க ஊரு? நாலு ஓட்டு வீடும் ஒரு தண்ணித் தொட்டியும்தான் ஊரா?"

கோமதி முறத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவருடைய கையைப் பார்த்தாள், டிவியைப் பார்க்கவில்லை.

ஏறினான். சரிந்தான். உச்சி.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க."

"விழுந்து கிடக்கும்போது இவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"யாரு மூஞ்சி?"

"சின்ன அண்ணாச்சி மூஞ்சி."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். மீசையைத் தொட்டார். மறுபடி வாயைத் திறந்தார்.

"அது... எத்தனை வருஷமா ஆடுதேன்... தெரியலையே."

பீர்முகம்மதும் யோசித்தான். "எனக்கும் தெரியல" என்றான், யாரும் அவனைக் கேட்காமலே.

கோமதி தன் நெற்றியில் கை வைத்தாள். பொட்டை உரித்தாள். நல்ல மெரூன் கலர் ஸ்டிக்கர் பொட்டு, அன்று காலைதான் வைத்தது. குனிந்து கன்ட்ரோலரில் வட்டப் பொத்தான் மேல் அதை ஒட்டி, விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"இதுல கை படக்கூடாது."

"குருவம்மா!"

"படக்கூடாதுன்னா படக்கூடாது."

"நீங்கதான சொல்லிக் குடுத்திய? தரையத் தொடுறதுக்கு முந்தி வட்டம்னு?"

"நான்தான்."

"அப்ப அது தப்பா?"

"அப்ப கடிகாரம் ஓடுச்சு. இப்ப ஓடுதா?"

அண்ணாச்சி டிவியின் மூலையைப் பார்த்தார். மற்ற மூலைகளையும் பார்த்தார். எங்குமே கடிகாரம் இல்லை. காலையிலிருந்து அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அவள் போய் மறுபடி முறத்தின் முன் உட்கார்ந்தாள்.

சின்ன அண்ணாச்சி கைப்பிடியில் ஏறினான். சறுக்கினான். சரிந்தான்.

"வட்ட..." என்று தொடங்கிய பீர்முகம்மது தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

கட்டைவிரல் போனது. பொட்டில் பட்டது. சுட்டது போல் திரும்பி வந்தது.

சின்ன அண்ணாச்சி விழுந்தான்.

அம்மாடி, எப்படி விழுந்தான்! ஒரு படி, அடுத்த படி, அதற்கடுத்த படி என்று மூட்டை மாதிரி உருண்டு, கீழே கல்தரையில் குப்புற விழுந்து கிடந்தான். பலகை தனியாகக் கழன்று ஓடியது. டிவி இருட்டவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. நீரூற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"செத்துட்டானா?" என்றான் பீர்முகம்மது மெல்ல.

கீழே கிடந்தவனின் தோள் குலுங்கியது.

"அழுறான் பாவம்" என்றார் அண்ணாச்சி.

சின்ன அண்ணாச்சி புரண்டு மல்லாந்தான்.

சிரித்துக்கொண்டிருந்தான்.

மீசை முழுக்கத் தூசி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்து உட்கார்ந்தான். முழங்காலைத் தடவினான். ஓடிப்போன பலகையைப் பார்த்தான். எழுந்து அதன் பின்னால் ஓடத் தொடங்கினான்!

"இறங்கி ஓடுறானே!" என்று கத்தினார் அண்ணாச்சி. "முதல் பாகத்துல பலகைய விட்டு இறங்கவே மாட்டானே! காலே கிடையாதோன்னுல்ல நெனச்சேன்!"

"எதையாவது அமுக்குங்க அண்ணாச்சி, சும்மா இருக்கிய! பலகை போகுது!" என்றான் பீர்முகம்மது.

கன்ட்ரோலர் கைக்குள் தடதடத்தது. அவன் ஓட்டத்துக்கு ஒரு தடதடப்பு, மூச்சு வாங்கினால் ஒரு தடதடப்பு. பலகை சரிவில் இறங்கியது. அவன் பின்னால் இறங்கினான். சந்து திரும்பியது. சந்துக்குள்ளே மீன் கடைகள், கூடைகள், கூடைக்கு நடுவே பலகை, பலகை மேல் ஒரு பூனை ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பூனை! பூனை! பூனை ஓட்டிக்கிட்டுப் போகுது!" பீர்முகம்மது நாற்காலி மேல் ஏறி நின்றான்.

யாரோ கல்யாண ஊர்வலம் போனார்கள். மேளக்காரர் காலுக்கு நடுவே பலகை போனது. பூனை குதித்தது. சின்ன அண்ணாச்சி மாப்பிள்ளையைச் சுற்றி ஓடினான், மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் பிடித்து வழி விட்டார். பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் துறைமுகம், கப்பல், அதற்கப்பால் இன்னொரு மலை, மலை முழுக்க வீடுகள்.

"ஊரு!" என்றார் தளவாய் அண்ணாச்சி. "குருவம்மா, ஊரு!"

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். வெங்காயம்தான். பாதிதான் வெங்காயம்.

பலகை கடைசியில் தண்ணீர் இல்லாத ஒரு பழைய நீச்சல் குளத்துக்குள் இறங்கியது. குளத்தின் அடியில் பத்துப் பதினைந்து பேர் பலகை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் விழுந்தான், சிரித்தான். இன்னொருத்தி விழுந்தாள், சிரித்தாள். முழங்காலில் கட்டுப் போட்ட பெண் ஒருத்தி, ஓடிவந்த பலகையைக் காலால் நிறுத்தி, சின்ன அண்ணாச்சியைப் பார்த்தாள். 'உன்னுதா?' என்பது போலத் தலையை ஆட்டி அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"மார்க் எங்க?" என்று தேடினான் பீர்முகம்மது. "எவ்வளவு மார்க் விழுந்துச்சு?"

"காணோம்."

"மார்க்கே போடலையா?"

"போடலையே!" அண்ணாச்சி குழந்தை மாதிரிச் சிரித்தார். "மார்க்கே போடல பீரு!"

அதற்குப் பிறகு அந்த மாடியில் ஒரே கூச்சல். கீழே பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். போனில் தகவல் போய், சனிக்கிழமைக் கூட்டத்தில் கழன்று போனவர்கள் ஒவ்வொருவராகப் படியேறினார்கள். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை.

"அந்தக் கூரையில இருந்து விழுங்க அண்ணாச்சி!"

"இரு, மொதல்ல அந்த மணிக்கூண்டு!"

"பாலத்துல இருந்து விழுந்தா எங்க போவான்?"

பாலத்திலிருந்து விழுந்தால் வைக்கோல் ஏற்றிய படகில் போய் விழுந்தான். படகு அவனைத் தீவுக்குக் கொண்டு போனது. தீவிலிருந்து திரும்பும்போது ரயில் நிலையம் வந்தது. விழும் இடமெல்லாம் ஒரு வழி திறந்தது. எங்கே விழலாம் என்று ஆளாளுக்குச் சண்டை போட்டார்கள்.

நடுவில் ஒருமுறை சின்ன அண்ணாச்சி பழைய படிக்கட்டு உச்சிக்கே வந்து சேர்ந்தான். கைப்பிடியில் ஏறினான், முழுசாகச் சறுக்கினான், கீழே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தான். ஒருத்தரும் கை தட்டவில்லை. கண்ணெல்லாம் தூரத்துக் கலங்கரை விளக்கத்தின் மேல் இருந்தது. அண்ணாச்சிக்கே அது உறைக்கவில்லை.

"குருவம்மா" என்றார் திரையிலிருந்து கண் எடுக்காமல். "முதல் பாகத்துலயும் இவன் விழுந்து சிரிச்சிருப்பானோ?"

"யாரு கண்டா? நானும் பாத்ததில்லையே."

இதற்குள் கைக்குழந்தை தவழ்ந்து வந்து அண்ணாச்சியின் மடியில் ஏறியிருந்தது. கன்ட்ரோலரில் சிவப்பாக ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டது. நகத்தால் நெண்டி, உரித்து, தன் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

வட்டம் வெறுமையாக நின்றது.

சின்ன அண்ணாச்சி கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து சரிந்தான்.

கட்டைவிரல் அசையவில்லை.

ஆறு மணி ஆனது.

பீர்முகம்மது போனை எதிரில் நிறுத்தினான். அண்ணாச்சி முகத்தைத் துடைத்தார், சட்டையை இழுத்துவிட்டார், பழக்கம் போல மீசையைத் தடவினார்.

"வணக்கம், நான் உங்க தளவாய்..."

அதற்குமேல் பேச விடாமல் கேள்விகள் வந்து குவிந்தன. பீர்முகம்மது ஒவ்வொன்றாகப் படித்தான்.

"பரமக்குடியில இருந்து கேக்காங்க, படம் எப்படின்னு."

"வெயில் சட்டையில விழுது தம்பி. சட்டை சுடும்போல இருக்கு."

"கோவில்பட்டியில இருந்து. முதல் பாகம் மாதிரியே இருக்கான்னு."

"இல்ல. கால் வழுக்கும். கோவம் வரும். காலையில நான் டிஸ்கைத் தூக்கிப் போடப் பாத்தேன்."

"மார்த்தாண்டத்துல இருந்து. அண்ணாச்சி, மத்ததெல்லாம் இருக்கட்டும், பத்துக்கு எத்தனை மார்க்?"

கூட்டம் அவரைப் பார்த்தது. கோமதியும் பார்த்தாள்.

அண்ணாச்சி போனைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். அங்கே சின்ன அண்ணாச்சி கடல் மணலில் மல்லாந்து கிடந்தான்.

"எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்றார். "இன்னும் நான் விழுந்தே முடிக்கலையே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. போனில் யாரோ "அண்ணாச்சி, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கோமதி முறத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள். சேலை முந்தானையில் கையை அழுத்தித் துடைத்தாள்.

"கொஞ்சம் நகருங்க அண்ணாச்சி."

அவர் நகர்ந்தார். அவள் உட்கார்ந்து கன்ட்ரோலரை வாங்கினாள். சின்ன அண்ணாச்சியை எழுப்பி, ஓட்டி, ஊரிலேயே உயரமான இடம் எது என்று தேடி, மணிக்கூண்டின் விளிம்பில் கொண்டு போய் நிறுத்தினாள். கீழே எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய கட்டைவிரல் தானாகவே வட்டத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

அதை அவளும் பார்த்தாள்.

குழந்தையின் மூக்கிலிருந்து பொட்டை எடுத்தாள். வட்டத்தின் மேல் ஒட்டினாள்.